பனிக்குத் தப்பி வரும் பேரப்பிள்ளைகளுக்கு எந்தக் கடல்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். மகள் டொரோண்டோவில் இருக்கிறாராம். டிசம்பர் 20 வாக்கில் கணவர், இரண்டு பிள்ளைகளுடன் வந்து ஜனவரி 4 அன்று திரும்புகிறார். பிள்ளைகளுக்கு வயது 9, 6. நவம்பரில் தொடங்கும் குளிர் ஏப்ரல் வரை விடுவதில்லை என்பதால், வெயிலும் கடலும் வேண்டும் என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். பெரியவரின் தாயாருக்கு 81 வயது, மனைவிக்கு முழங்கால் வலி. மகன் குடும்பத்தையும் சேர்த்தால் பத்துப் பேர். வேன் பிடித்து நான்கு நாளில் ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். "இது சரிப்படுமா?" என்பது கேள்வி.

ஐயா, நீங்கள் சொன்ன மூன்றும் நல்ல ஊர்கள். ஆனால் நீங்கள் போகிற காலம் அந்த ஊர்களுக்கு உகந்ததல்ல. டிசம்பர் கடைசியில் கொங்கு நாட்டுக் குடும்பம் கடலுக்குப் போக வேண்டுமென்றால் வண்டியை மேற்கே திருப்ப வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். நமக்குக் கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்தால் மழை ஓய்ந்துவிட்டது என்று தோன்றும். காலையில் பனி, மதியம் இதமான வெயில், கிணற்றடியில் குளிரக் குளிரத் தண்ணீர். அந்த நினைப்பிலேயே கிழக்குக் கடற்கரைக்கும் கிளம்பிவிடுகிறோம். அங்கே வடகிழக்குப் பருவமழைக்கு டிசம்பரும் கணக்கில் உண்டு. 2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது டிசம்பர் 30 அன்று. புத்தாண்டுக்கு அறை பிடித்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்த நேரம் அது. 1964-இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி. அவ்வளவு பின்னே போக வேண்டாம் என்றால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எண்ணிப் பாருங்கள். திருச்செந்தூருக்குப் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள்.

ஆண்டுதோறும் இப்படி நடக்காது என்பது உண்மைதான். ஆனால் மழையே இல்லாத நாளிலும் வாடைக்காற்று வீசும். கடல் உப்பிக்கொண்டு, தண்ணீர் கலங்கி இருக்கும். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் இருக்கும் பாக் நீரிணைப் பக்கம் மற்ற மாதங்களில் குளம்போலக் கிடக்கும். அதுவே வாடைக் காலத்தில் கொந்தளிக்கும். ஆறு வயதுப் பிள்ளையை அங்கே விளையாட விட முடியாது. கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இன்னொன்று, ஐயப்ப சாமிமார் கூட்டம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை கன்னியாகுமரி அவர்களுடையது. விடுதி, உணவகம், படகுத்துறை எங்கும் வரிசை. முழங்கால் வலிக்காரரையும் 81 வயது அம்மாவையும் வைத்துக்கொண்டு அந்த வரிசைகளில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். கோபியில் புறப்பட்டு மூன்று ஊரையும் சுற்றி வீடு திரும்ப ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நான்கு நாளில் பாதிப் பொழுது வேனுக்குள்ளேயே கழிந்துவிடும். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த பிள்ளைகளை மறுபடி சீட்டில் கட்டிப்போட வேண்டுமா?

மேற்கே என்ன நிலைமை? கேரளத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த மாதங்களில் அங்கே கடல் பக்கமே போகக் கூடாது. அக்டோபர், நவம்பரில் இடிமழை ஓய்ந்தபின் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வானம் வெளுத்து, கடல் அடங்கிக் கிடக்கும். தண்ணீரின் வெப்பம் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒக்கி புயல்போல விதிவிலக்கும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று குமரியைத் தாண்டி அரபிக்கடலுக்குள் புகுந்து பல மீனவர்களைக் கொண்டுபோனது. அதனால் மேற்கானாலும் புறப்படும் முன் வானிலை அறிக்கையைப் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் இரண்டு கரையில் ஒன்றைச் சொல் என்றால் நான் யோசிக்காமல் மேற்கைத்தான் சொல்வேன். பாலக்காட்டுக் கணவாய் என்று முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் நமக்குத் திறந்தே கிடக்கிறது. கோவையிலிருந்து சாவக்காட்டுக் கடற்கரை 150 கிலோமீட்டருக்குள்தான். நாமோ கடல் என்றாலே கிழக்கு, தெற்கு என்று பழகிவிட்டோம். சேலத்துக்காரர்கள் கணக்கு வேறு. அவர்களுக்குப் புதுச்சேரி பக்கம். ஆனால் அவர்களும் பொங்கல் கழிந்து போவதே மேல்.

இனி எந்த ஊர் என்பது. கோவளம், வர்க்கலை இரண்டையும் விட்டுவிடுங்கள். தூரம் அதிகம். வர்க்கலையில் செங்குத்தான பாறை மேட்டிலிருந்து படியிறங்க வேண்டும். உங்கள் மனைவிக்கு ஆகாது. கொச்சிக்கு அருகில் வைப்பின் தீவிலுள்ள செராய் நல்ல கரைதான். ஆனால் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்குக் கொச்சி முழுக்கத் திரளும் வாரம் அது. சாவக்காடு பக்கத்திலேயே குருவாயூர் இருப்பதால் உங்கள் தாயாருக்குப் பிடிக்கும், இரண்டு நாள் போதும் என்றால் அதுவே சுலபம். ஆனால் ஐயப்ப சாமிமார் வரும் இந்தக் காலத்தில் குருவாயூரில் தரிசனத்துக்கு நிற்கும் நேரத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடுதான் உள்ளே போக முடியும் என்பதை மருமகனிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது கண்ணூர். மூன்று இரவு, ஒரே இடம். தலச்சேரிக்கும் கண்ணூருக்கும் இடையே முழப்பிலங்காடு என்ற கடற்கரை இருக்கிறது. சுமார் நான்கு கிலோமீட்டருக்கு மணல் கெட்டித்துக் கிடப்பதால் அதன்மேல் கார் ஓட்டுவார்கள். அதற்குத்தான் அது பெயர்பெற்றது. நான் அதற்காகச் சொல்லவில்லை. அங்கே கரை சரிவில்லாமல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகிறது. கடலுக்குள் நிற்கும் பாறைகள் அலையின் வேகத்தை முன்னதாகவே உடைத்துவிடுகின்றன. மணல் இறுகியிருப்பதால் முழங்கால் வலிக்காரரும் கால் புதையாமல் தண்ணீர் ஓரம் வரை நடந்து வரலாம். இந்த மூன்றும் சேர்ந்த கரை நமக்கு எட்டும் தொலைவில் அதிகம் இல்லை.

கடல் வற்றியிருக்கும் நேரத்தில் அந்தக் கரையைப் பார்க்க வேண்டும். அலை பின்வாங்கிய ஈரமணல் கண்ணாடிபோல் மினுங்கும். அதில் கடுகளவும் மிளகளவுமாக மணல் உருண்டைகள் வட்டம் வட்டமாகச் சிதறிக் கிடக்கும். ஒரு குட்டி நண்டு வளையிலிருந்து வெளியே வந்து, மணலை வாயில் சலித்து, தின்றது போக மிச்சத்தை உருட்டிப் போட்ட வேலை அது. ஆள் நிழல் பட்டதும் உள்ளே ஓடிவிடும். அசையாமல் குந்தியிருந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி வரும். உங்கள் ஆறு வயதுப் பேரனோ பேத்தியோ அங்கே குந்திவிட்டால், அப்பிச்சி கூப்பிட்டாலும் அம்மச்சி கூப்பிட்டாலும் எழுந்து வரப்போவதில்லை. வற்றும் நேரத்தை முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள், கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கூடுதலாக உள்வாங்கும், கூடுதலாக ஏறியும் வரும். ஏற்றத்தில் அந்த அகன்ற மணல் பாதிக்கு மேல் மறைந்துவிடும். சொந்தக் காரை மணலில் இறக்கும் ஆசை மகனுக்கு வந்தால், ஈர மணலில் சக்கரம் சிக்கிய வண்டிகளை அங்கே எப்போதும் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அப்படியும் இறக்கினால் அன்றைக்கே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். உப்பு தகட்டை அரித்துவிடும்.

மேற்குக் கரையில் காலை நேரத்துக்கு ஒரு சலுகை உண்டு. சூரியன் நிலத்துப் பக்கம், தென்னந்தோப்புக்குப் பின்னாலிருந்து எழுவதால் ஒன்பது மணி வரைக்கும் மரநிழல் மணல்மீது நீண்டு கிடக்கும். சென்னையிலும் கடலூரிலும் காலை ஏழு மணிக்கே வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அதனால் கண்ணூரில் ஆறரைக்கெல்லாம் கரைக்குப் போய்விட்டு, ஒன்பதரைக்கு அறைக்குத் திரும்பி, மறுபடி நான்கு மணிக்கு மேல் போவதுதான் சரி. நடுப்பகலில் வேண்டவே வேண்டாம். டொரோண்டோவில் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. அங்கே அந்த மாதத்தில் வெயிலின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 1-ஐ ஒட்டித்தான் இருக்கும். இங்கே கடற்கரை நண்பகலில் அது 9, 10 வரை ஏறும். நம் நிறம்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். பல வாரமாகக் கோட்டுக்குள்ளேயே இருந்த தோல் இரண்டு மணி நேரத்தில் கன்றிப்போய், அன்றிரவு பிள்ளை தூங்காது. முழுக்கைக் குளியல் உடையும் தொப்பியும் மகள் அங்கிருந்தே கொண்டுவரட்டும்.

கடலில் இறங்குவது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "எங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும்" என்று மகள் சொல்வார். உண்மையாகவே தெரிந்திருக்கும், அங்கே வகுப்புக்கு அனுப்பி முறையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் அது நீச்சல் குளத்தில் கற்றது. கடலில் தண்ணீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. கரைக்கு வந்த அலைநீர் எங்காவது ஓரிடம் பார்த்துத் திரும்பி ஓடும். அந்த ஓட்டத்தில் அகப்பட்டால் நீச்சல்காரர்களையும் உள்ளே இழுத்துவிடும். அந்த இடம் பார்வைக்கு ஆபத்தாகத் தெரியாது என்பதுதான் கொடுமை. இருபுறமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவே மட்டும் நுரையில்லாமல், சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரியும். விவரம் தெரியாதவர்கள் "இங்கேதான் அலை இல்லை" என்று சரியாக அங்கேயே இறங்குவார்கள். அகப்பட்டுவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிப் பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். இதைப் பெரியவர்கள் அத்தனை பேரும் தெரிந்துகொண்டு போங்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். கடல் சீறும் என்ற எச்சரிக்கை வந்திருந்த நேரம் அது. படித்தவர்கள், இளைஞர்கள். கடல் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

டிசம்பர், ஜனவரியில் மேற்குக் கரைக்கு வேறொரு ஆபத்து உண்டு. கடல் அமைதியாக இருப்பதாலேயே வருவது. காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கணவாய்க்கு நேரே உள்ள கரைகளில் கிழக்குக்காற்று இன்னும் பலமாக இருக்கும். கரையோரம் தண்ணீர் தகடுபோல் கிடக்க, காற்றடைத்த ரப்பர் வளையத்தில் பிள்ளையை உட்காரவைப்பார்கள். அந்த வளையம் பாய் விரித்த படகு மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்து போய்க்கொண்டே இருக்கும். கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எட்டாத தூரம். காற்றடைத்த பொருள் எதையும் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அது குளத்துக்கு மட்டும். சின்னப் பிள்ளைக்கு முழங்கால் அளவுத் தண்ணீர், மூத்த பிள்ளைக்கு இடுப்பளவு. பிள்ளைகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பெரியவர் கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும்; அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. மகனும் மருமகனும் முறை வைத்துக்கொள்ளட்டும். உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள். அவர் விசில் ஊதினால் வாதம் பண்ணாமல் மேலே ஏறிவிடுங்கள்.

தங்குவதற்கு ஓட்டல் அறைகளை விட, சமையலறையோடு முழு வீடு வாடகைக்குக் கிடைப்பதுதான் பத்துப் பேருக்குத் தோது. முழப்பிலங்காட்டைச் சுற்றி அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. தரைத்தளத்தில் ஓர் அறை, அதில் நாற்காலிபோல் உட்காரும் கழிவறை இருக்கிறதா என்று வாய்வார்த்தையாகக் கேட்காமல், படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். சமையலறை ஏன் என்றால், உங்கள் தாயாருக்காக. அங்கே சாப்பாட்டுக்கடையில் பருமனான சிவப்பு மட்டை அரிசிச் சோறு போடுவார்கள். நம் வீட்டு முதியவர்களுக்கு அது இரண்டு வேளைக்கு மேல் இறங்குவதில்லை. ஒரு குக்கரும், வீட்டு அரிசியும் பருப்பும் எடுத்துப் போனால் ஒரு வேளை அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய்யை ஊற்றிக் கொடுத்துவிடலாம். மற்றவர்கள் தலச்சேரி பிரியாணி தின்னட்டும். குறுமணியான கைமா அரிசியில் செய்வது. சீரகச்சம்பாவில் பழகிய நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். கல்லுமக்காய் என்ற சிப்பியை அந்தப் பாறைகளிலிருந்தே எடுத்து வறுத்தும், அரிசிமாவு அடைத்து வேகவைத்தும் விற்பார்கள். சாப்பிட்டுப் பழகாதவர்கள் முதல் நாள் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வது வயிற்றுக்கு நல்லது.

நடுவில் ஒரு மாலை கரைக்குப் போகாமல் பறசினிக்கடவுக்குப் போய் வாருங்கள். கண்ணூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள், ஆற்றங்கரையில் முத்தப்பன் கோயில். மற்றக் காவுகளில் (கோயில் தோப்புகளில்) தெய்யம் என்ற சாமியாட்டம் பார்க்க நாளும் இரவும் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இங்கே ஏறக்குறைய நாள்தோறும் உண்டு. சாதி மதம் கேட்காமல் எல்லாரையும் உள்ளே விடுவார்கள். முத்தப்பனுக்குப் படையல் கள்ளும் மீனும். நாய்கள் கோயிலுக்குள் உரிமையோடு உலவும். கருப்பராயனையும் மதுரைவீரனையும் கும்பிட்டு வளர்ந்த நமக்கு அன்னியமாகத் தோன்றாது. வேகவைத்த பயறும் தேங்காய்த் துண்டும் தேநீரும் கொடுப்பார்கள். முகத்தில் சாயம் எழுதிய தெய்வம் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிப்பதைப் பேரப்பிள்ளைகள் வேறெங்கும் பார்க்க முடியாது.

ராமேஸ்வரம் போயே ஆக வேண்டும் என்று தாயார் ஆசைப்பட்டால், பேரப்பிள்ளைகளை வழியனுப்பிவிட்டு மாசி மாதத்தில் ரயிலில் அழைத்துப் போங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டாம். ஈரத் தரை வழுக்கும்.

தேதி விஷயம். வந்த முதல் ஒரு வாரம் எங்கும் கிளம்பாதீர்கள். இங்கும் அங்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். பிள்ளைகள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி கேட்பார்கள், மாலை ஆறுக்கே சுருண்டு விழுவார்கள். டிசம்பர் 27 போய் 30 திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 31 இரவு எந்தக் கடற்கரையிலும் இருக்க வேண்டாம். கடற்கரையை முடித்துக்கொண்டு அப்படியே கொச்சியில் விமானம் ஏறிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் முறுக்கும் இட்லிப் பொடியும் கருவேப்பிலைப் பொடியும் அடைத்த எட்டுப் பெட்டிகளோடு மணலில் இறங்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்து, மூச்சு விட்டு, பிறகு அனுப்பிவையுங்கள்.

வேன் வேண்டாம், ரயிலே போதும். கோவையில் காலையில் புறப்படும் மங்களூர் இன்டர்சிட்டி மதியச் சாப்பாட்டுக்குள் கண்ணூரில் இறக்கிவிடும், தலச்சேரியிலும் நிற்கும். முந்தைய இரவு கோவையில் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டால் தாயாருக்கு அலைச்சல் இல்லை. கோழிக்கோடு தாண்டியபின் ஆறும் காயலும் தென்னையும் மாறி மாறி வரும். பிள்ளைகளுக்குச் சன்னலோரம் கொடுங்கள். வழியில் மாகி வரும். அது புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது, மது மலிவு. மருமகனும் மகனும் அங்கே "தேநீர் குடிக்க" இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத் தொடங்கும். டிசம்பர் 27 என்றால் அக்டோபர் கடைசி வாரம். நீங்கள் போகும் வாரம் கேரளத்திலும் கிறிஸ்துமஸ் விடுமுறை என்பதால் வீட்டையும் அதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. உங்களுக்கு இரண்டு டிக்கெட் வேண்டும். ஒன்றை மகன் போடட்டும், ஒன்றை மருமகள் போடட்டும். இருவரும் ரயில் முன்பதிவுத் தளத்தில் தங்கள் கணக்கில் ஆதாரை முன்னதாகவே இணைத்து வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முன்பதிவு தொடங்கும் வேளையில் டிக்கெட் எடுக்க விடாது. திரும்பும் டிக்கெட்டுக்கான நாள் மூன்று நாள் கழித்துத்தான் வரும். அதை மறந்துவிட்டு, போகும் டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்துவிட வேண்டாம்.